முப்பது பேரின் கோட்டை

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இடைக்கால ஐரோப்பாவின் கோட்டைகள். அது பரந்த பொருள். ஒரு மணி நேரத்தில் ஐரோப்பா முழுவதையும் சுற்றிவர முடியாது. ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு அது கொண்டுபோகும் இடத்துக்குப் போகலாம் என்று எண்ணுகிறேன். அந்த எண் முப்பது. இங்கிலாந்தின் மன்னர் முதலாம் எட்வர்டு வேல்ஸ் நாட்டை வென்றபின், 1284-இல் அதன் வடமேற்கில் எழுந்துகொண்டிருந்த தம் புதிய கோட்டைகளுக்குத் தலைவர்களை அமர்த்தினார். அந்த ஆணைகளில் ஒவ்வொரு கோட்டையிலும் எத்தனை பேர் இருக்கவேண்டும் என்பது குறிக்கப்பட்டிருக்கிறது. ஹார்லெக் கோட்டைக்கு முப்பது பேர். அவர்களில் பத்துப் பேர் விசைவில்லாளர். கான்வி கோட்டைக்கும் முப்பது பேர். அங்கே விசைவில்லாளர் பதினைந்து. அரசாட்சியின் தலைமையிடமான கானார்வனுக்கு நாற்பது பேர். கடலோரத்தில் எட்டுப் பெருங்கோபுரங்களோடு நிற்கும் கான்வியின் படத்தைப் பார்த்தவர்கள் இந்த எண்ணைக் கேட்டால் எழுத்துப் பிழையோ என்றுதான் நினைப்பார்கள். மதிலின் மேல் ஆயிரம் வீரர்கள் தோளோடு தோள் உரச நிற்கும் காட்சியைத் திரைப்படங்கள் நமக்குப் பழக்கிவிட்டன. என் வாதம் இதுதான்: இக்கோட்டைகளின் அமைப்பு, காவல், அன்றாட வாழ்வு ஆகிய மூன்றையும் ஒன்றாக விளங்கவைப்பது இந்தச் சிறிய எண். மிகச் சிலர் மிகப் பலரை நெடுநாள் தடுத்து நிறுத்துவதற்காகக் கல்லில் கட்டிய கருவி கோட்டை. மனிதருக்குப் பதிலாக அங்கே கல் நிற்கிறது.

இப்படி ஒரு கருவி ஏன் தேவைப்பட்டது என்பதைக் கணக்கு சொல்லும். வேல்ஸின் இளவரசர் லவெலின் அப் கிரிஃபித் 1282 டிசம்பர் 11 அன்று போரில் மாண்டார். அவருடைய தம்பி தாவித் அடுத்த ஆண்டு ஷ்ரூஸ்பரி நகரில் கொடிய முறையில் கொல்லப்பட்டார். நாடு கைக்கு வந்தது. அதைக் கையில் வைத்திருப்பது எப்படி? 1294-இல் மடோக் அப் லவெலின் தலைமையில் வேல்ஸ் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, எட்வர்டு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட காலாட்களுக்குச் சம்பளம் கொடுக்க நேர்ந்தது. சாதாரணக் காலாளுக்கு நாளொன்றுக்கு 2 பென்னி. ஒரு பவுனுக்கு 240 பென்னி. முப்பதாயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு 250 பவுன் ஆகிறது. இந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1296 பிப்ரவரியில், ஆங்கில்சி தீவின் போமாரிஸ் கோட்டையைக் கட்டிக்கொண்டிருந்த சவாய் நாட்டுத் தலைமைச் சிற்பி, செயின்ட் ஜார்ஜ் ஊர் ஜேம்ஸ், அரசின் கருவூலத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். வாரத்துக்கு 250 பவுனாவது தேவை என்று அதில் கேட்கிறார். இவ்வளவு பணம் எங்கே போகிறது என்று நீங்கள் வியக்கக்கூடும் என்று தாமே முந்திக்கொண்டு விளக்கமும் தருகிறார்: கல் செதுக்குவோரும் கட்டுவோருமாக 400 பேர், சிற்றாட்கள் 2,000 பேர், கல்லுடைப்போர் 200 பேர், கொல்லர்கள் 30 பேர், இவர்களோடு தச்சர்கள், 100 சிறு வண்டிகள், 60 பெரு வண்டிகள், கல்லும் நிலக்கரியும் கொண்டுவர 30 படகுகள். இத்தனை பேரும் ஒரு வாரம் உழைக்கும் செலவு, படை ஒரு நாள் சும்மா நிற்கும் செலவுக்குச் சமம். ஹார்லெக் கோட்டை முழுவதற்கும் ஆனது ஏறத்தாழ 8,190 பவுன். அந்தப் படையை ஒரு மாதம் களத்தில் வைத்திருக்கும் தொகைதான் அது. முப்பது பேரை இதே 2 பென்னிக் கணக்கில் ஓராண்டு வைத்திருந்தால் 91 பவுன் ஆகும். விசைவில்லாளரின் கூடுதல் சம்பளத்தைச் சேர்த்தாலும் தொகை பெரிதாக ஏறாது. 1277 முதல் 1304 வரை வேல்ஸ் கோட்டைகளுக்கு எட்வர்டு செலவிட்டதாக அறிஞர்கள் கணக்கிடும் 80,000 பவுன் மலைக்கவைக்கும் தொகைதான். ஆனால் அவர் ஒப்பிட்டுப் பார்த்திருக்கவேண்டிய மறுதட்டில் இருந்தது, ஒவ்வொரு கிளர்ச்சிக்கும் திரட்டவேண்டிய படை.

கட்டட அமைப்பைப் பார்ப்போம். நேராக ஓடும் மதிலின் அடியில் எதிரி வந்து ஒட்டிக்கொண்டால், மேலிருப்பவன் குனிந்துதான் எய்யவேண்டும். குனிந்தால் தானே இலக்காகிவிடுவான். அதனால் அத்தகைய மதிலுக்கு நிறையப் பேர் வேண்டும். மதிலிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் உருண்டைக் கோபுரங்கள் இந்தத் தேவையைக் குறைக்கின்றன. ஒரு கோபுரத்தில் நிற்பவன் அடுத்த கோபுரம் வரையிலான மதிலடி முழுவதையும் பக்கவாட்டில் காண்கிறான். இரண்டு கோபுரங்களில் இரண்டிரண்டு பேர் இருந்தால் இடைப்பட்ட மதிலைக் காக்கலாம். போமாரிஸும் ஹார்லெக்கும் ஒன்றுக்குள் ஒன்றாக இரு மதில்கள் கொண்டவை. வெளிமதில் தாழ்ந்தும் உள்மதில் உயர்ந்தும் இருப்பதால், உள்ளே நிற்பவன் வெளியே நிற்பவனின் தலைக்கு மேலாக எய்யமுடியும். கானார்வனின் தென்மதிலில் சுவரின் உள்ளேயே இரண்டடுக்கு நடைவழிகள் ஓடுகின்றன. மதிலின் உச்சி மூன்றாம் அடுக்கு. அங்குள்ள சில அம்புத்துளைகள் ஒரே ஆள் வெவ்வேறு திசைகளில் எய்வதற்கும், சில பலர் சேர்ந்து ஒரே வெளித்துளை வழியாக எய்வதற்கும் ஏற்றவாறு செதுக்கப்பட்டவை. பழந்தமிழ் இத்துளையை ஏப்புழை என்றும், மதில் உச்சியில் பல்வரிசைபோல் எழும் மறைப்பை ஞாயில் என்றும் வழங்கியது. வேறு மண்ணின் கட்டடமானாலும் அவ்விரு சொற்களும் அப்படியே பொருந்துகின்றன. கானார்வனின் அரச வாயில் திட்டமிட்டபடி முடிந்திருந்தால், உள்ளே நுழைபவன் ஐந்து கதவுகளையும், மேலிருந்து இறங்கும் ஆறு தொங்குகதவுகளையும் கடக்கவேண்டியிருந்திருக்கும். ஒரு தொங்குகதவை இறக்க ஓரிருவர் போதும். அதை உடைக்க நூறு பேர் திரண்டாலும், அந்த இடுக்கில் ஒரே நேரத்தில் கைவைக்க இடம் கிடைப்பது சிலருக்குத்தான்.

ஆட்கள் குறைவாக இருப்பதில் இன்னொரு நன்மை உண்டு; அதை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். முப்பது பேர் குறைவாகச் சாப்பிடுவார்கள். இடைக்கால முற்றுகைகளின் வரலாற்றைப் புரட்டினால், மதில் இடிந்தபின்னும் கோட்டை நின்றதுண்டு. களஞ்சியம் காலியானபின் நின்றதில்லை. 1215-இல் ஜான் மன்னர் ரோச்செஸ்டர் கோட்டையை ஏழு வாரம் முற்றுகையிட்டார். பெருங்கோபுரத்தின் மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, முட்டுக்கொடுத்த மரங்களைக் கொளுத்துவதற்கு நாற்பது கொழுத்த பன்றிகளை அனுப்பச் சொல்லி அவர் எழுதிய ஆணை இன்றும் இருக்கிறது. கொழுப்பு எரிந்தது, மூலை சரிந்தது. உள்ளிருந்தவர்களோ கோபுரத்தைக் குறுக்கே பிரித்த நடுச்சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். குதிரைகளைத் தின்று தீர்த்தபின், பசிதான் அவர்களைப் பணியவைத்தது. கெனில்வொர்த் கோட்டையைச் சூழ்ந்திருந்த ஏரி 1266-இல் ஆறு மாதம் எதிரியை அண்டவிடவில்லை. கடைசியில் பஞ்சமும் நோயும் வாயிலைத் திறந்தன. ஷாத்தோ கையார் கோட்டையின் கதை இவற்றைவிடக் கொடுமையானது. 1203-இல் பிரான்சின் இரண்டாம் பிலிப்பு அதைச் சூழ்ந்தபோது, அருகூர் மக்கள் அடைக்கலம் தேடி உள்ளே வந்திருந்தார்கள். கோட்டைத் தலைவர் ரோஜர் தெ லேசி களஞ்சியத்தைக் கணக்கிட்டுப் பார்த்து, போரிடாத வாய்களை வெளியே அனுப்பினார். முதலில் போனவர்களைப் பிரெஞ்சுப் படை வழிவிட்டு அனுப்பியது. பின்னால் போனவர்களைத் தடுத்தது. கோட்டையும் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. மதிலுக்கும் முற்றுகைக்கும் இடையே, குளிர்காலத்தில், திறந்த மலைச்சரிவில் பெண்களும் குழந்தைகளும் கிடந்து பசியில் செத்தார்கள். கோட்டையைப் பற்றி எழுதும் எவரும் கோபுரங்களின் அழகைப் பேசுமுன் அந்தச் சரிவை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று நான் கருதுகிறேன். உள்ளிருக்கும் ஒவ்வொரு வாயும் ஒரு கணக்கு என்பதை அது காட்டுகிறது.

எட்வர்டின் பொறியாளர்கள் இந்தக் கணக்கை நன்றாக அறிந்திருந்தார்கள். 1277-இல் ருத்லான் கோட்டையைத் தொடங்கியபோது, கப்பல்கள் கோட்டையின் காலடிக்கே வரவேண்டும் என்பதற்காக க்ளூயிட் ஆற்றின் வளைவுகளை வெட்டி நேராக்கி, 3 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவுக்கு ஆழப்படுத்தினார்கள். சதுப்பு நிலத்தில் எழுந்த போமாரிஸில் வாயிலை ஒட்டியே சரக்குக் கப்பல் வந்து நிற்கும் துறை. பாறை முகட்டில் நிற்கும் ஹார்லெக்கில், கடல்மட்டத்திலிருந்து ஏறிவர 108 படிகள். அவற்றுக்கும் மதில் காவல். 1294-95 குளிர்காலத்தில் மடோக்கின் ஆட்கள் ஹார்லெக்கை நிலப்பக்கம் முழுதும் அடைத்துக்கொண்டபோது, அயர்லாந்திலிருந்து வந்த கப்பல்கள் அந்தப் படிகளின் வழியே உணவை மேலே ஏற்றின. கோட்டை நின்றது. அதே குளிர்காலத்தில் எட்வர்டே கான்வியில் அகப்பட்டுக்கொண்டார். அவருடைய பொதிவண்டிகளை வேல்ஸ்காரர்கள் பறித்துக்கொண்டார்கள், ஆற்றில் வெள்ளம், உள்ளே உணவுத் தட்டுப்பாடு. முப்பது பேருக்கென்று கட்டிய கோட்டைக்குள் ஒரு மன்னரின் பரிவாரம் புகுந்தால் என்ன ஆகும் என்பதை அவர் வயிற்றாலேயே உணர்ந்திருப்பார்.

அப்படியென்றால் கான்வியின் 38 மீட்டர் நீளப் பெருமண்டபமும், அரசருக்கும் அரசிக்கும் தனித்தனி அறைகளும் யாருக்காக என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவை வரவிருக்கும் விருந்தாளிக்காகக் காத்திருந்த வீடுகள். இடைக்கால அரசவை ஓரிடத்தில் தங்காது; எழுத்தர்கள், சமையற்காரர்கள், குதிரைகள், பேழைகள் என்று ஊர் ஊராக நகரும். அப்படி ஒரு பெருங்குடும்பம் வந்து தங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு, மூன்றாம் ஹென்றியின் தங்கையும் லெஸ்டர் சீமாட்டியுமான எலினோர் 1265-இல் ஓடியாம், டோவர் கோட்டைகளில் தங்கியிருந்தபோது எழுதப்பட்ட வீட்டுக் கணக்குச் சுருள் சான்று. ரொட்டிக்குத் தானியம், திராட்சை மது, பியர், அடுக்களை, குதிரைலாயம் என்று ஒவ்வொரு நாளின் செலவும் அதில் பதிவாகியிருக்கிறது; வந்துபோன விருந்தினர் பெயர்கள்கூட இருக்கின்றன. பிரிட்டனில் இத்தகைய கணக்குகளில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையவற்றில் அது ஒன்று. வேல்ஸ் கோட்டைகளுக்கு அத்தகைய நாட்கள் மிக அரிது. கான்வி கட்டி முடிந்தபின் எட்வர்டு அங்கே வந்து தங்கியது அந்த ஒரு முற்றுகைக் காலத்தில்தான். மற்றக் காலமெல்லாம் அந்தப் பெருமண்டபத்தில் நடந்த அன்றாட வாழ்வு, பெரிய வீட்டைப் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் காவல்குடும்பத்தின் வாழ்வு.

அந்த வாழ்வை நமக்குக் காட்டுவது, 1284 ஆணைகளில் காவலாட்களோடு சேர்த்துச் சொல்லப்பட்ட தொழிலாளர் பட்டியல்: ஒரு பாதிரியார், ஒரு கொல்லர், ஒரு தச்சர், ஒரு கொத்தனார், இவர்களோடு வாயிற்காவலரும் இராக்காவலரும். வில்லாளருக்குப் பக்கத்தில் கொத்தனாரை வைத்தது தற்செயலன்று. அந்த நாட்டு மழையில் கோட்டையின் தினசரி எதிரி ஒழுகும் கூரைதான். ஈயத் தகட்டின் மூட்டு விட்டால் உத்தரம் உளுத்துப்போகும், உத்தரம் போனால் தளம் இறங்கும். 1321-இல் கான்வியைப் பார்வையிட்டவர்கள் எழுதிவைத்த அறிக்கையில் குறைந்த தளவாடமும், சொட்டும் கூரைகளும், அழுகிய மரங்களும்தான் இருக்கின்றன. நாற்பது ஆண்டுகூட ஆகாத கட்டடம் அது. இந்த நிலையில் ஆண்டுக்கணக்காகக் கதவின் கீல்களுக்கு எண்ணெய் போட்டு, விசைவில்லின் நாணை ஈரம் படாமல் காத்து, கிணற்றைத் தூர்வாரி, தானியத்தில் வண்டு விழாமல் பார்த்து, இரவில் மதில் சுற்றி வருவதுதான் கோட்டைக் காவல். போர் என்பது ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். இந்த வேலைக்கு வாள்வீச்சைவிட வீட்டு நிர்வாகத் திறன்தான் தேவைப்பட்டது என்பதற்கு ஹார்லெக்கிலேயே சான்று இருக்கிறது. அதன் தலைவர் ஜான் தெ பொன்வில்லார் 1287-இல் இறந்தபின், அவருடைய மனைவி ஆக்னஸ் 1290 வரை அப்பொறுப்பை வகித்தார். அவருக்குப்பின் அதை ஏற்றவர் கோட்டையைக் கட்டிய ஜேம்ஸ். ஒரு கைம்பெண்ணும் ஒரு கட்டடக் கலைஞரும் அடுத்தடுத்துக் கோட்டைத் தலைவர்களாக இருந்தார்கள். நூல்களில் இது ஓர் ஓரச் செய்தியாகவே வந்துபோகிறது. என்னைக் கேட்டால் கோட்டையின் இயல்பைச் சொல்லும் நடுவரி இதுதான்.

இங்கே ஒரு வலுவான மறுப்பைச் சந்திக்கவேண்டும். கடந்த ஐம்பது ஆண்டுகளில் சார்லஸ் கூல்சன் போன்ற அறிஞர்கள், கோட்டையைப் போர்க்கருவியாக மட்டும் பார்க்கும் வழக்கத்தைக் கடுமையாகக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். ஞாயிலும் அகழியும் பதவியின் அடையாளங்கள், செல்வரின் பெருமிதம் என்பது அவர்கள் வாதம். 1385-இல் அனுமதி பெற்று எட்வர்டு டாலிங்ரிட்ஜ் கட்டிய போடியம் கோட்டை அவர்களுக்குப் பிடித்த எடுத்துக்காட்டு. நீர்சூழ்ந்து நிற்கும் அந்த அழகு கண்ணுக்கு விருந்து, காவலுக்கோ அத்தனை உறுதி இல்லை. வேல்ஸிலும் இந்த வாதத்துக்கு இடம் உண்டு. கானார்வனின் பல்கோணக் கோபுரங்களும், இருநிறக் கற்களால் ஆன பட்டைகளும், கான்ஸ்டான்டினோபிள் நகரின் மதிலை நினைவூட்டுவதற்காகவே அமைந்தவை என்று வரலாற்றறிஞர் ஆர்னால்டு டெய்லர் காட்டினார். நிறப்பட்டை ஓர் அம்பையும் தடுக்காது. இதை நான் முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். கானார்வனின் நிறத்தை என் முப்பதால் விளக்கமுடியாது. ஆனாலும் காவலையும் காட்சியையும் எதிரெதிராக நிறுத்தவேண்டியதில்லை என்று நினைக்கிறேன். பேரரசின் சாயலைக் கண்டு பத்துப் பேரில் ஒன்பது பேர் கிளர்ச்சியை எண்ணிப்பார்க்கவே தயங்கினால், அந்த ஒன்பது பேருக்கு எதிராக வில்லாளர் தேவையில்லை. தோற்றமும் ஆட்களை மிச்சப்படுத்துகிறது. அது வேலை செய்யாத நாளில் கதவும் கிணறும் கடல்வழியும்தான் மிஞ்சும். அவை உண்மையாக இருந்தனவா என்பதுதான் போடியத்துக்கும் ஹார்லெக்குக்கும் உள்ள வேறுபாடு.

இரண்டாவது மறுப்பு நிகழ்ச்சிகளிலிருந்து வருகிறது. இவை இவ்வளவு நுட்பமானவை என்றால் ஏன் விழுந்தன? கானார்வன் 1294-இல் விழுந்தது. அப்போது அதன் வடபக்கத்தில் கோட்டை மதில் எழவே இல்லை; நகர மதிலையும் ஓர் அகழியையும் நம்பி விட்டிருந்தார்கள். நகர மதிலை ஏறிக் கடந்தவர்கள் நேரே உள்ளே புகுந்தார்கள், மன்னரின் அதிகாரியான ஷெரீப் கொல்லப்பட்டார். கருவி பாதியில் நின்ற இடத்தில் நாற்பது பேர் வெறும் நாற்பது பேர்தான். அடுத்த ஆண்டு எட்வர்டின் ஆட்கள் திரும்பிவந்ததும் முதலில் செப்பனிட்டது நகர மதிலை. கான்வி விழுந்தது வேறு விதம். 1401-ஆம் ஆண்டு பெரிய வெள்ளிக்கிழமை அன்று, காவலாட்கள் ஊரிலிருந்த தேவாலயத்துக்குப் போயிருந்தார்கள். அப்போது அங்கே வழக்கமான முப்பதைவிட இருமடங்குக்கும் அதிகமாக, 15 போர்வீரர்களும் 60 வில்லாளரும் இருந்தார்கள். கோட்டைக்குள் விட்டுச்சென்றது இருவரை. வேலைக்கு வந்த தச்சர் போல ஒருவர் வந்து, அந்த இருவரையும் கொன்று, கதவைத் திறந்துவிட்டார். டியூடர் சகோதரர்களான க்விலிமும் ரீஸும் சுமார் நாற்பது பேருடன் உள்ளே புகுந்தார்கள். எழுபத்தைந்து பேர் இருந்தும் போன கோட்டையை, அதன்பின் அந்த நாற்பது பேர் ஆங்கிலப் படை சூழ்ந்து நிற்கப் பல வாரங்கள் வைத்திருந்து, பேச்சுவார்த்தை நடத்தி மன்னிப்பும் பெற்றுக்கொண்டார்கள். கான்வி விழுந்தது கட்டடத்தின் குறையைக் காட்டுகிறது என்பவர்கள், கதையின் இந்தப் பின்பாதியையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

மூன்றாவது ஒன்றை மறுப்பு என்பதைவிட நினைவூட்டல் என்பதே சரி. சிலர் பலரை அடக்குவதற்கு ஒரு கருவி என்று சொல்லும்போது, அந்தப் பலர் யார் என்பதை மறந்துவிடக் கூடாது. கான்வி எழுந்த இடத்தில் வேல்ஸ் இளவரசர்களின் ஆதரவில் வாழ்ந்த ஒரு துறவிமடம் இருந்தது. அதை வேறிடத்துக்கு அகற்றினார்கள். போமாரிஸுக்காக அருகிலிருந்த லான்வைஸ் என்ற செழித்த துறைமுக ஊரின் மக்கள் தீவின் மறுமுனைக்குப் பெயர்க்கப்பட்டார்கள். அவர்கள் சென்ற ஊருக்குப் புத்தூர் என்று பொருள்படும் நியூபரோ என்று பெயர் விழுந்தது. லவெலினின் மர மண்டபம் ஒன்றைப் பிரித்தெடுத்து, ஹார்லெக் கோட்டையின் உள்முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கோட்டையோடு சேர்த்துக் கட்டிய நகரங்கள் ஆங்கிலேயருக்காக என்றே அமைந்தவை. கட்டியவர்களிலும் பலர் விரும்பி வந்தவர்கள் அல்லர். இங்கிலாந்தின் பல மாவட்டங்களிலிருந்து ஆணையின்பேரில் திரட்டப்பட்டவர்கள், வழியில் தப்பி ஓடாமலிருக்கக் குதிரைவீரர்களைக் காவலுக்கு அனுப்பியதும் உண்டு. முப்பது பேர் போதும் என்ற கணக்கில் இவர்களின் இழப்பு ஒரு பென்னியாகக்கூடப் பதிவாகவில்லை.

கடைசியாக ஹார்லெக்குக்கே திரும்புகிறேன். என் வாதத்தைச் சோதிக்கச் சரியான இடம் அது. ஓவைன் கிளிந்தூர் தலைமையில் வேல்ஸ் மீண்டும் எழுந்தபோது, 1403-இல் ஹார்லெக் காவலர்களிடம் இருந்த தளவாடம் இவ்வளவுதான்: மூன்று கேடயங்கள், எட்டுத் தலைக்கவசங்கள், ஆறு ஈட்டிகள், பத்து இணை கையுறைகள், நான்கு பீரங்கிகள். நூற்றிருபது ஆண்டு மழையில் களஞ்சியமும் கையிருப்பும் கரைந்துபோயிருந்தன. இதே காலத்தில் கானார்வனை 28 பேர் பிடித்து நின்றார்கள். ஹார்லெக்கோ 1404-இன் முடிவில் விழுந்தது. கல்லில் குறையில்லை. கடல்வழி உதவவில்லை, உள்ளே மிஞ்சியவர்களோ மிகச் சிலர். கிளிந்தூர் அதைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டு, தம் குடும்பத்தை அங்கே குடியமர்த்தினார். நான்கு ஆண்டுக்குப்பின் ஆங்கிலப் படை பீரங்கிகளோடு வந்து சூழ்ந்தது. அவற்றில் அரசரின் மகள் என்று பெயரிட்ட ஒன்று முற்றுகையின்போது வெடித்துச் சிதறியது. மதில் அப்போதும் நின்றது. பசி உள்ளே வந்தது. கிளிந்தூரின் மருமகன் எட்மண்டு மார்டிமர் கோட்டைக்குள்ளேயே இறந்தார். 1409 தொடக்கத்தில் வாயில் திறந்தபோது, கிளிந்தூரின் மனைவியையும் மகள்களையும் பேத்திகளையும் சிறைப்பிடித்து லண்டனுக்குக் கொண்டுபோனார்கள்.